அவள் கட்டம், அவன் கட்டம்

அத்தியாயம் 11

ஃபிரிட்ஜ் கதவில் யாரோ புடலங்காய் என்று எழுதியிருந்தார்கள்.

பால் பாக்கெட் எடுக்க வந்த எழிலரசி கதவைத் திறக்காமல் நின்றுவிட்டாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த குறுக்கெழுத்துப் பக்கம் காந்த வில்லையில் தொங்கிக்கொண்டிருந்தது. இடமிருந்து வலம், ஏழாவது குறிப்பு: 'கல் கட்டித் தொங்கவிட்டால் நேராக வளரும். ஆறெழுத்து.' வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டிய ஆறு கட்டங்கள். நேற்றுக் காலை வரை காலி. இப்போது பு, ட, ல, ங், கா, ய் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவள் எழுதவில்லை. அப்படியானால் எழுதியது பிரபு.

மணிகண்டபிரபு அவள் கட்டத்தில் எழுதியிருக்கிறான்!

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டின் சட்டம் தெரியாது. கல்யாணமான புதிதில் போட்டது. இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் அவளுடையவை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் அவனுடையவை. ஒருவர் கட்டத்தில் மற்றவர் பென்சில் வைக்கக் கூடாது. விடை தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் ஒரு சொல்லை முடித்தால் அது குறுக்கே வெட்டுகிற இடத்தில் அவளுக்கு ஓர் எழுத்து கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தன் சொல்லைத் தேட வேண்டும். அவள் முடித்தால் அவனுக்கு ஒன்று.

அவளுக்குப் பகல் வேலை. அவனுக்கு ஓ.டி.யோடு சேர்த்து இரவு முழுக்க வேலை. அவள் ஒரகடத்துக்குப் பஸ் ஏறிய பிறகுதான் அவன் வீடு வந்து படுப்பான். சில வாரங்களில் அவர்கள் வாயால் பேசியதைவிட அந்தக் காகிதத்தில் பேசியதுதான் அதிகம்.

இரண்டு வாரமாக அதுவும் நின்றுபோயிருந்தது. "உங்க வூட்டுக்காரரு தூத்துக்குடி பிளான்ட்டுக்கு மாத்தல் கேட்டுக்கீறாராமே?" என்று மஞ்சுளா பஸ்ஸில் கேட்டாளே, அன்றோடு. மஞ்சுளாவின் கணவர் பிரபுவின் கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவர். கட்டிய மனைவிக்குத் தெரியாத செய்தி பஸ் டிரைவருக்குத் தெரிந்திருந்தது. அதை அப்படியே அவனிடம் சொல்லியும் காட்டினாள்.

"அம்மா அங்க தனியா இருக்கால்லா" என்றான். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. 'அரிசி தீந்துடுச்சு', 'சரி' என்று ஃபோனில் செய்தி போனதோடு சரி.

போன வாரம் அந்த அம்மாவே இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கிவிட்டாள்.

எழில் மட்டும் பழக்கத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமை புதுப் பக்கத்தைக் கிழித்து மாட்டினாள். அவன் ஒரு கட்டத்தைக்கூடத் தொடவில்லை. அவன் எழுத்துகள் இல்லாமல் அவளுடைய சொற்களும் பாதி வழியில் நின்றன. ஆறெழுத்து என்று மட்டும் தெரிகிறது. நடுவில் ஓர் எழுத்தாவது கையில் இல்லாமல் எங்கே போய்த் தேடுவது?

அந்த நிலைமையில்தான் இந்தப் புடலங்காய்.

"என்ன புள்ள, ஃபிரிட்ஜு முன்னாடி நின்னு சாமி கும்பிடுத?"

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு மாமியார் சொர்ணம்மாள் உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல அத்தை."

"மத்தியானத்துக்கு என்ன வைக்க?"

"புடலங்காய்" என்று வாயில் வந்துவிட்டது.

"கூட்டு வைக்கேன்" என்றாள் சொர்ணம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "பிஞ்சா கெடைச்சா நல்லாருக்கும்."

அவள் முகத்தில் ஏதோ ஒரு மூலையில் சிரிப்பு இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எழில் அதைக் கவனிக்கவில்லை.

*

"இன்னா லேப் இன்சார்ஜ் மேடம், மூஞ்சி பளபளன்னு கீது?"

ஜன்னலோர இருக்கையைத் தட்டிக் காட்டினாள் மஞ்சுளா. எழில் வேலை செய்யும் கம்பெனியில்தான் அவளும் அசெம்பிளி லைனில் இருந்தாள்.

"சத்தமா சொல்லாதக்கா. இன்னும் முடிவாகல."

"அறிவுமதி மேடமே உன் பேர சொல்லிக்கினு கீறாங்க. கேன்டீன் முழுக்கத் தெரியும். இன்னும் இன்னா முடிவாவணும்?"

"வூட்ல சொல்லல."

மஞ்சுளா பின்னிக்கொண்டிருந்த சடையைப் பாதியில் விட்டாள். "உங்க வூட்டுக்காரர்கிட்டயா? சொல்லலயா?"

"நேரம் வரட்டும்."

"அவரு மாத்தலை உன்கிட்ட சொல்லல. நீ பிரமோஷன அவருகிட்ட சொல்லல. நல்லா நடத்துறீங்கம்மா குடும்பம்!"

பஸ் நெடுஞ்சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பியது. இருபுறமும் தகரக் கூரைகள் வெயிலில் மின்னத் தொடங்கியிருந்தன. எழில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சுளா சொன்னது சரிதான்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவன் போவதாக முடிவெடுத்துவிட்டவன். இவளுக்கு இங்கே பெரிய வேலை கிடைக்கிறது என்றால், 'சரி, நீ இரு' என்று சொல்லிவிட்டால்? அந்தப் பதிலைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

*

ஆய்வுக்கூடத்தின் மூலையில் உப்புத் தண்ணீரைப் பனிபோலத் தூவுகிற பெட்டி ஒன்று உண்டு. முலாம் பூசிய போல்ட்டுகளையும் தகடுகளையும் அதற்குள் நாள்கணக்கில் நிற்க வைப்பார்கள். எது முதலில் துருவைக் காட்டுகிறது, எந்த இடத்தில் காட்டுகிறது என்று பார்த்துச் சொல்வது எழிலின் வேலை.

வெளியே எல்லாத் துண்டும் ஒரே பளபளப்புதான். உப்பு பட்ட பிறகுதான் எதன் பூச்சு எங்கே மெல்லியது என்று தெரியும். வேதியியல் படித்து அவள் கற்றதில் அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் அது.

இன்று துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் மனசு புடலங்காயிலேயே இருந்தது. ஏன் எழுதினான்? அவன் பக்கத்தில் ஒரு கட்டத்தையும் தொடாதவன், சட்டத்தை மீறி அவள் பக்கத்தில் எதற்காக? கல் கட்டினால் நேராகும். நாம் கோணிக்கொண்டு போகிறோம் என்கிறானா? நேராக்கலாம் என்கிறானா?

ஒரு காய்க்குள் இவ்வளவு தேடுகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியதும், முகக்கவசத்துக்குள் தனியே சிரித்துக்கொண்டாள்.

"துரு பிடிச்சா சிரிக்கிற ஒரே ஆளு நீதான்."

அறிவுமதி மேடம் பின்னால் நின்றிருந்தார். இந்தக் கூடத்தைக் கட்டி எழுப்பியவர். அடுத்த மாதம் வேறு பிரிவுக்குப் போகிறார். அவர் இடத்துக்குத்தான் எழில்.

"எழில், ஹெச்.ஆர்.ல கேட்டுட்டே இருக்காங்க. நாளைக்குக் காலையில உன் பேர அனுப்பணும். வீட்ல பேசிட்டியா?"

"இன்னைக்குப் பேசிடறேன் மேடம்."

"இதையேதான் போன வாரமும் சொன்ன."

"இன்னைக்கு நிச்சயமா மேடம்."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "எனக்கு வேணும்னு கேக்கறதுக்கு வெக்கப்படாத. வெக்கப்பட்டு நான் விட்டதெல்லாம் வேற யாராவது எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சக்திகுமாரின் டீக்கடை. எழிலின் பஸ் அவளை இறக்கிவிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் பிரபுவின் பஸ் வந்து அவனை ஏற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும்.

அவர்கள் வீட்டுப் பூட்டுக்கு இருந்த இரண்டு சாவியில் ஒன்று முதல் மாதமே தொலைந்துபோனது. காலையில் எழில் சாவியைக் கீழ்வீட்டுச் சந்திரம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பிரபு வந்து வாங்கிக்கொள்வான். சாயங்காலம் அவனும் சந்திரம்மாளிடமே கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குத்தான் வருவான். அவள் கையில்தான் கொடுப்பான். இன்னொரு சாவி செய்துகொள்ள வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை.

சண்டை வந்த பிறகும் ஒரு வாரம் அது நடந்தது. பேச்சில்லாமல் சாவி மட்டும் கை மாறியது. அத்தை வந்த பிறகு வீட்டைப் பூட்டுவதே இல்லை. சாவி இல்லை, அதனால் நிற்கவும் காரணம் இல்லை. எழில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்கு நடந்துவிடுவாள். பிரபு அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறிக்கொள்வான்.

இன்று அவள் நேராகக் கடைக்குள் போனாள்.

"இன்னாம்மா, ஆளயே காணோம். சாவி தொலஞ்சிடுச்சா?" என்றார் சக்திகுமார்.

"ரெண்டு டீ போடுங்கண்ணே."

"ரெண்டா? ஒண்ணு முன்னாலயே போட்டாச்சு. அதோ!"

கடையின் பக்கவாட்டில், வேப்பமரத்தடி பெஞ்சில் பிரபு உட்கார்ந்திருந்தான். நீலச் சீருடை, தோளில் பை, கையில் ஆறிப்போன டீ. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

அவனும் காத்திருந்திருக்கிறான்.

"நேரா சொல்லியிருக்கலாம்லா, எழிலு" என்றான் அவன்.

"இன்னாத்த?"

"நத்தைன்னு."

"இன்னா நத்தை?"

"நடிக்காத. மேலிருந்து கீழ் நாலு. 'வீட்டை முதுகில் சுமக்கும். பயந்தால் அதற்குள்ளேயே ஒளியும். மூன்றெழுத்து.' மத்தியானம் எந்திரிச்சுப் பாக்கேன், எழுதி வச்சிருக்க. என் கட்டத்துல. ரெண்டு நாளா அந்தக் குறிப்பு என்னையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. எனக்குத் தெரியாமலா எழுதாம வச்சிருந்தேன்? எழுதக் கை வரல."

"பிரபு, நான் எழுதல."

"பின்ன?"

"நீதானே என் கட்டத்துல எழுதின? புடலங்காய்!"

"புடலங்காயா? நான் ஒன் பக்கமே திரும்பிப் பாக்கலயே."

"நத்தைங்கறான், புடலங்காங்கறா" என்று கடைக்குள்ளிருந்து சக்திகுமார் குரல் கொடுத்தார். "சமாதானமா, சண்டையா? அத சொல்லுங்க மொதல்ல."

வீட்டில் இருப்பது மூன்று பேர்.

"அத்தை!" என்றாள் எழில்.

"அம்மா!" என்றான் அவன், அதே நேரத்தில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றது, அந்தக் கூட்டு, அந்த மூலைச் சிரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நாள் முழுக்கப் பூச்சில் குறை தேடுகிறவள், அந்த எழுத்து யாருடையது என்று ஒரு முறை உற்றுப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அவனும் சிரித்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

சிரித்து முடித்ததும் அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஆனா அம்மா சரியாத்தான் எழுதியிருக்கா" என்றான். பையைத் திறந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தான். "அம்மாவுக்காக மாத்தல் கேக்கல எழிலு. எங்க லைனையே எடுக்காங்க. மிஷினெல்லாம் தெக்க போவுது. மெயின்டனன்ஸ்ல மிஷினோட போறவன் போவலாம். போவாதவனுக்கு அடுத்த மாசத்தோட கும்பிடு."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்ல? ஒங்கப்பா பொண்ணு குடுக்கும்போது என்ன கேட்டாரு? 'வேலை நிரந்தரமா? எம் பொண்ண ஊர விட்டுக் கூட்டிட்டுப் போவ மாட்டீங்களே?' ரெண்டுக்கும் தலையாட்டுனேன். இப்ப ரெண்டும் இல்லன்னு ஆயிப்போச்சு. அம்மா மேல பழியப் போட்டா நீ கோவத்தோட விட்டுருவன்னு நினைச்சேன்."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். கடைசியில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"அன்னைக்கு வாயாலதான் கேட்டு வச்சேன். ஃபாரத்த இன்னைக்கு ஷிஃப்டு தொடங்கும்போது ஷிஃப்டு இன்சார்ஜ் டேபிள்ல வைக்கணும்" என்றான் பிரபு. "நீ வேண்டாம்னு சொல்லு, இங்கயே கிழிச்சுப் போட்டுருதேன். வேற வேலை தேடிக்கிடலாம்."

அவன் சுலபமாகச் சொன்னான். அவன் விரல் படிவத்தின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. சுங்குவார்சத்திரத்தில் இவன் வயதில், இவன் படிப்பில், வேலை போய் அறையில் படுத்துக் கிடக்கிற எத்தனை பேரை அவர்கள் இருவரும் பார்த்திருக்கிறார்கள்!

லேப் இன்சார்ஜ் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது சொன்னால் அது அவன் கழுத்தில் கட்டுகிற கல்.

"போடு" என்றாள்.

"எழிலு..."

"ஊர்ல வூடு இருக்கு. வாடகை கிடையாது. அத்தையும் தனியா இருக்க வேணாம். எனக்கும் அங்க ஏதாவது கிடைக்கும்."

"மனசாரச் சொல்லுதியா?"

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். டீ கிளாஸ் வைத்த ஈர வட்டத்தை அவன் உள்ளங்கையால் துடைத்தான். பெஞ்சில் படிவத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டான். அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

ஏறும்போது திரும்பி, "கையில குடுக்க ஒண்ணும் இல்லாம போறது என்னமோ மாதிரி இருக்கு" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

பஸ் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். நத்தை என்று அவனை மட்டும் சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

*

சொர்ணம்மாள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில் அவள் விரலில் இருந்தது. மூக்குக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"வா தாயி. நாலெழுத்து, மூணாவது எழுத்து 'ட்'. கீழருந்து மேல. என்னவா இருக்கும்?"

"அத்தை, நீங்கதானா அது?"

"எது?"

"புடலங்காய். நத்தை."

"ஆமா. சத்துணவுக்கூடத்துப் பந்தல்ல நானே கூழாங்கல்லு கட்டி விட்டிருக்கேன். நீ போட்டுக் கொழம்பிக்கிட்டு இருந்தியா, நேத்து நீ குளிக்கப் போன நேரத்துல எழுதி வச்சேன். தப்பா?"

எழில் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அந்த வீட்டின் சட்டத்தைச் சொன்னாள். குறுக்கே போகிறவை யாருக்கு, மேலும் கீழும் போகிறவை யாருக்கு என்று. சொர்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அடப்பாவமே. இத யாரும் எனக்குச் சொல்லலயே! காலியாக் கெடந்தா எழுதத்தான செய்வாவ?"

"நல்லதுதான் ஆச்சு அத்தை. ரெண்டு பேரும் பேசிட்டோம்." எழில் மூச்சை இழுத்துக்கொண்டாள். இந்தச் செய்தியையாவது சந்தோஷமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "உங்களுக்கு ஒரு நல்ல சேதி. நாங்க ரெண்டு பேரும் ஊருக்கே வந்துடப் போறோம். அவருக்குத் தூத்துக்குடியில வேலை. இன்னைக்குச் சைன் பண்ணி எடுத்துக்கினு போயிட்டாரு. நம்ம வூட்லயே இருக்கலாம்."

சொர்ணம்மாள் முகத்தில் அவள் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"எந்த வீட்ல?"

"உங்க வூட்லதான்."

"அத வாடகைக்கு விட்டாச்சே புள்ள." குரல் இறங்கிப் போயிருந்தது. "வாத்தியாரு குடும்பம் ஒண்ணு குடியிருக்கு. மூணு வருஷத்துக்குப் பேசி, சாவிய அவங்க கையில குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

எழில் நிமிர்ந்தாள். மூலையில் இருந்த இரண்டு பெரிய பைகளைப் பார்த்தாள். பத்து நாள் தங்க வருகிறவர்கள் குத்துவிளக்கையும் போர்வைகளையும் எடுத்து வருவார்களா? வந்த அன்றே அவற்றைப் பார்த்தும் அவள் கேட்கவில்லை.

"இன்னா அத்தை சொல்றீங்க? உங்க புள்ளைக்குத் தெரியுமா?"

"சொல்லத்தான் வந்தேன். எனக்குச் சத்துணவு வேலை முடிஞ்சிட்டு, ரிட்டயரு ஆயாச்சு. அங்க ஒத்தையில உக்காந்து என்ன செய்ய? நீங்க ரெண்டு பேரும் டீக்கடையில நின்னு சாவி மாத்திக்கிடுதீயன்னு அவன் ஒரு நாளு ஃபோன்ல சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. வேலைக்குப் போயிட்டு வாறவங்களுக்குத் தொறந்த வீடா ஒரு வீடு இருக்கணும்லா? அதான் ஒரேயடியா வந்துட்டேன்."

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல? வந்து பாக்கேன், ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய. நான் வந்ததுதான் பிடிக்கலயோன்னு நினைச்சேன். இருன்னு நீங்களா ஒரு வார்த்தை சொன்னா சொல்லலாம்னு இருந்தேன்." பென்சிலை விரலில் உருட்டினாள். "சும்மா தின்னுட்டு இருக்கக் கூடாதுன்னு பாத்திரத்தத் தேச்சேன், துணியத் தொவச்சேன். கட்டத்தையும் நிரப்புனேன்."

எழில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரம் காயாத, விரல் நுனி சுருங்கிய கை. எத்தனை நாளாக இந்தக் கை இந்த வீட்டில் பயந்து பயந்து வேலை செய்துகொண்டிருக்கிறது!

"இருங்க அத்தை. நீங்க இங்கதான் இருக்கணும்."

சொல்லும்போதே, தான் இங்கே இருக்கப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஃபோனை எடுத்து பிரபுவின் எண்ணைப் போட்டாள். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடியும் போட்டாள். உள்ளே போகும்போது எல்லோரும் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஏதோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் அது ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவதை அவளால் பார்க்க முடிந்தது.

மூன்றாம் முறை போடுவதற்குள் ஃபோன் தானே அடித்தது. லேண்ட்லைன் எண்.

"எழிலு, ஷிஃப்டு ஆபீஸ்லருந்து பேசுதேன்."

"பிரபு! அந்த ஃபாரத்த..."

"இரு. நான் மொதல்ல கேக்கேன். மஞ்சுளா வீட்டுக்காரரு வண்டியில வச்சுக் கேட்டாரு. 'ஒம் பொண்டாட்டி லேப் இன்சார்ஜ் ஆயிட்டாங்களாமே, ட்ரீட் எப்ப'ன்னு. கட்டுன புருசனுக்குத் தெரியாதது பஸ் டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கு."

இரண்டு வாரத்துக்கு முன் அவள் அவனைக் கேட்ட கேள்வி. அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கையில பேனாவக் குடுத்தியே எழிலு. அப்பக்கூடச் சொல்லலயே."

"சொன்னா நீ போட்டிருக்க மாட்ட."

"போட்டிருக்க மாட்டேன்தான்."

"பிரபு, அத்தை ஊர்ல வூட்ட வாடகைக்கு விட்டுட்டு வந்துட்டாங்க. ஒரேயடியா. திரும்பிப் போறதுக்கு அங்க வூடு இல்ல."

அவன் மெல்லச் சிரித்தான். சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"ஃபாரம் எங்க?" என்றாள்.

"டேபிள்ல வச்சிட்டேன். கண்ணு முன்னால இருக்கு. இன்சார்ஜ் சாப்பிடப் போயிருக்காரு. வந்தா சீலு விழுந்துரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. எடுத்தா அடுத்த மாசம் எனக்கு வேலை இல்ல. விட்டா ஒனக்கு அந்த நாற்காலி இல்ல." வேறு யாரோ அவனைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. "அவரு வாராரு போல. சீக்கிரம் சொல்லு. எடுக்கவா, விடவா?"

சொர்ணம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கைவிட்ட பென்சில் நூலில் ஆடி, ஃபிரிட்ஜ் கதவை இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கியது.

எடு. விடு. இரண்டுமே இரண்டெழுத்து. இரண்டாவது எழுத்தும் ஒன்றுதான். முதல் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அது யாருடைய கட்டம் என்றுதான் எழிலுக்குத் தெரியவில்லை.